எலும்பும் உலோகமும் சந்திக்கும் இடம்

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரைமட்டத்துக்கு மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. தங்கம் கலந்த குவார்ட்ஸ் கல்லை வெட்டி மேலே அனுப்பிய பிறகு அங்கே மிஞ்சும் வெற்றிடத்தை அப்படியே விட்டுவிட முடியாது. இரு பக்கத்துப் பாறையும் மெல்ல நெருங்கி வரும். சில வேளை வெடித்துச் சிதறும். அந்த வெடிப்புகளில் போன தமிழ் உயிர்கள் ஏராளம். பாறையைத் தாங்குவதற்கு முதலில் மரம் நிறுத்தினார்கள். பிறகு கருங்கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். அதற்கும் பிறகு கான்கிரீட் வந்தது. கருங்கல் எளிதில் நொறுங்கும் கல் அல்ல. ஆனாலும் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே, சுவருக்கும் பாறைக்கும் நடுவே இடைவெளி இருந்தால், பாறை நகர்ந்து வந்து அதை மூடும்வரை சுவர் சுமையை முழுதாக ஏற்காது. அதற்குள் பாறை நகர வேண்டிய தூரம் நகர்ந்துவிடும். தாங்கும் பொருளின் வலிமையைப் போலவே, அது பாறையைத் தொடும் விதமும் அங்கே வேலை செய்பவரின் உயிரைத் தீர்மானித்தது.

தொடை எலும்புக்குள் உலோகத் தண்டைச் செருகும் எலும்பு மருத்துவரும் இதே கணக்கைத்தான் போடுகிறார். தண்டு உடைந்துபோவது இன்று அபூர்வம். தண்டுக்கும் எலும்புக்கும் நடுவில் உள்ள சந்திப்பு நிலைக்குமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சமதளத்தில் நடக்கும்போதே இடுப்பு மூட்டில் உடல் எடையைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு சுமை இறங்குகிறது. கால் இடறினால் அது எட்டு மடங்கு வரை போகும். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் சாதாரணமாக நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் 150 கிலோ. ஒரு காலுக்கு ஆண்டுக்குச் சுமார் பத்து லட்சம் அடிகள். இருபது ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால் இரண்டு கோடி முறை அந்தச் சந்திப்பு அழுத்தப்பட்டு விடுவிக்கப்படுகிறது.

இப்படிப் பொருத்தும் மாற்று இடுப்பு மூட்டில் முக்கியமாக நான்கு பாகங்கள்: தொடை எலும்பின் குழலுக்குள் இறங்கும் தண்டு, அதன் தலையில் பொருந்தும் பந்து, இடுப்பெலும்பில் உட்காரும் உலோகக் கிண்ணம், கிண்ணத்துக்குள் இருக்கும் உள்ளுறை. தண்டின் மேற்பரப்பும் கிண்ணத்தின் வெளிப்புறமும் எலும்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பந்தும் உள்ளுறையும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போக வேண்டும். ஒரே கருவியில், சில சென்டிமீட்டர் இடைவெளியில், ஒரு பரப்பிடம் பற்றச் சொல்கிறோம், இன்னொன்றிடம் வழுக்கச் சொல்கிறோம். பூச்சு என்ற ஒரே சொல்லால் இரண்டையும் குறிப்பதால்தான் இந்தத் துறையில் பாதிக் குழப்பம் வருகிறது.

எலும்பைப் பற்றும் பரப்பிலிருந்து தொடங்குவோம். இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி 1962 நவம்பரில் பாலிஎத்திலீன் கிண்ணத்தோடு பொருத்திய மூட்டுதான் இன்றைய மூட்டு மாற்றுக்குத் தாய். தண்டை நிறுத்த அவர் பல் மருத்துவர்கள் பயன்படுத்திய அக்ரிலிக் சிமென்ட்டை எடுத்துக்கொண்டார். சிமென்ட் என்று பெயர் இருந்தாலும் அது பசைபோல ஒட்டுவதில்லை. எலும்பின் துளைகளுக்குள் புகுந்து இறுகி, தண்டைச் சுற்றி இடைவெளி இல்லாமல் நிரப்புகிறது, அவ்வளவுதான்.

அந்தச் சிமென்ட்டுக்குள் நிற்கும் தண்டின் மேற்பரப்பு எப்படி இருக்க வேண்டும்? யாரைக் கேட்டாலும் சொரசொரப்பாக இருந்தால் நன்றாகப் பிடிக்கும் என்றுதான் சொல்வார்கள். இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரத்தில் நடந்ததைக் கேளுங்கள். அறுவை மருத்துவர் ராபின் லிங்கும் பொறியாளர் கிளைவ் லீயும் 1970-இல் கண்ணாடி போல மெருகேற்றிய, கீழ்நோக்கிக் குறுகும் தண்டு ஒன்றை உருவாக்கினார்கள். அது நன்றாகவே இருந்தது. 1976-இல் மெருகு போய் மங்கலான மேற்பரப்பு வந்தது. அது ஒரு சின்ன உற்பத்தி மாற்றம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். பத்தாண்டுகளில் மங்கலான தண்டுகள் அதிகமாகத் தளர்ந்தன. 1986-இல் மெருகுக்கே திரும்பினார்கள்.

காரணம் அழகானது. மெருகேற்றிய தண்டு சிமென்ட்டுக்குள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கீழே இறங்கி, ஆப்பு போல இறுகி, சுமையைச் சுற்றிலும் அழுத்தமாக மாற்றிவிடுகிறது. இறங்கும்போது சிமென்ட்டை அது உரசிக் கிழிப்பதில்லை. மங்கலான தண்டும் அதே அளவு அசையத்தான் செய்கிறது. ஆனால் ஒவ்வோர் அசைவிலும் சிமென்ட்டை அரத்தைப் போல ராவுகிறது. ராவிய துகளை மூட்டுத் திரவம் எலும்புவரை கொண்டுபோகிறது. உடலின் செல்கள் அந்தத் துகளை அகற்ற முயன்று கூடவே எலும்பையும் அரித்துவிடுகின்றன. உலோகம் அதே உலோகம், வடிவமும் ஏறக்குறைய அதே வடிவம். சில மைக்ரான் சொரசொரப்புதான் வேறு.

எந்தப் பூச்சும், எந்த மெருகும் தன்னளவில் நல்லதோ கெட்டதோ இல்லை என்பதை எக்ஸிட்டர் அளவுக்குத் தெளிவாகக் காட்டும் இன்னொரு நிகழ்வு எனக்குத் தெரியாது. எதைத் தொடுகிறது, எவ்வளவு அசைகிறது, எத்தனை ஆண்டு என்ற மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு மேற்பரப்பைப் பற்றி நாம் எதுவும் சொல்ல முடியும். பூச்சுகளை ஒப்பிடும் பட்டியல்களில் இந்த மூன்றும் பெரும்பாலும் இருப்பதில்லை.

சிமென்ட் இல்லாமல் எலும்பே உலோகத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றால் கதை தலைகீழாகிறது; அங்கே சொரசொரப்பு வேண்டும். இந்தப் பாதையைத் திறந்தவர் ஸ்வீடனின் பெர்-இங்வார் பிரோனெமார்க். 1950களில் முயலின் கால் எலும்புக்குள் இரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காக அவர் டைட்டானியத்தாலான நுண்நோக்கு அறை ஒன்றைப் பொருத்தியிருந்தார். ஆய்வு முடிந்து கழற்றப் போனபோது அது வரவில்லை. எலும்பு அதோடு ஒன்றாகியிருந்தது. டைட்டானியத்தின் மேல் காற்றுப் பட்டவுடன் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்ஸைடு படலம் உருவாகிவிடுகிறது. எலும்பு உண்மையில் தொடுவது அந்தப் படலத்தைத்தான். அதாவது பூச்சே இல்லாத டைட்டானியமும் இயற்கையாகப் பூச்சு பூசிக்கொண்டுதான் உடலுக்குள் போகிறது.

படலம் மட்டும் போதாது. எலும்பு உள்ளே நுழைய இடம் வேண்டும். ஐம்பதிலிருந்து நானூறு மைக்ரான் வரை விட்டமுள்ள துளைகளுக்குள் எலும்பு நன்றாக வளர்கிறது என்று கனடாவில் பாபின், பில்லியர் குழு 1980-இல் காட்டியது. மனித முடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் அளவு புரியும். இன்னொரு எண் இதைவிட முக்கியமானது. எலும்புக்கும் உலோகத்துக்கும் நடுவே அசைவு நாற்பது மைக்ரானுக்குள் இருந்தால் எலும்பு வளர்கிறது. நூற்றைம்பது மைக்ரானைத் தாண்டினால் எலும்பு வராது. வடுத்தசை போன்ற நார்த்திசுதான் வந்து நடுவில் உட்கார்கிறது. நார்த்திசு சுமை தாங்காது. நோயாளிக்கு எழுந்து நிற்கும்போதெல்லாம் தொடையில் வலிக்கும்.

துளைகளை உருவாக்க ஒவ்வொரு தலைமுறையும் ஒரு வழி கண்டுபிடித்தது. கோபால்ட்-குரோமியத் தண்டின் மேல் சிறு உலோக மணிகளை அடுக்கி, உருகும் நிலைக்குச் சற்றுக் கீழே சூடேற்றி ஒட்டவைத்தார்கள். அமெரிக்காவில் சார்லஸ் எங் 1977 முதல் பயன்படுத்திய ஏ.எம்.எல். தண்டு இந்த வகை. எலும்பு பிடித்த பிடியில் குறையே சொல்ல முடியாது. பத்திருபது ஆண்டுகள் நின்றன. ஆனால் கோபால்ட்-குரோமியம் எலும்பைவிடப் பத்து மடங்குக்கும் மேல் விறைப்பானது. சுமை முழுவதும் தண்டின் வழியாகவே கீழே இறங்கிவிட, மேல்பகுதி எலும்புக்கு வேலை இல்லாமல் போகும். வேலை இல்லாத எலும்பு மெலியும். பிடி மிக நன்றாக இருந்ததே ஒரு குறையானது.

டைட்டானியக் கலவையின் விறைப்பு கோபால்ட்-குரோமியத்தில் பாதிதான். ஆனால் டைட்டானியத்தின் மேல் மணிகளை ஒட்டச் சூடேற்றினால் மீண்டும் மீண்டும் வரும் சுமையைத் தண்டு தாங்கும் திறன் குறைந்துவிடுகிறது. அதனால் டைட்டானியப் பொடியை பிளாஸ்மா ஜுவாலையில் உருக்கித் தெளித்தார்கள். வியன்னாவில் கார்ல் ஸ்வைமுல்லர் இன்னும் எளிய வழியை எடுத்தார்: அலுமினா மணலை வேகமாக அடித்து மேற்பரப்பைச் சில மைக்ரான் சொரசொரப்பாக்குவது. பூச்சே இல்லை என்பதால் உரிந்து விழவும் எதுவும் இல்லை. எனக்கு இந்தத் தண்டின் மேல் ஒரு தனி மரியாதை உண்டு. விளம்பரத்துக்கு ஏற்ற எதுவும் அதில் இல்லை. முப்பதாண்டுகளுக்கும் மேலாக நின்று காட்டியிருக்கிறது. கிண்ணத்தின் பக்கம், நுரை போன்ற கரிச் சட்டத்தின் மேல் டான்டலம் படியவைத்த பொருள் வந்தது. அதில் முக்கால் பங்குக்கும் மேல் வெற்றிடம். விறைப்பும் எலும்புக்கு அருகில். இடுப்பெலும்பு பெரிதும் சிதைந்து மறு அறுவைக்கு வருபவர்களுக்கு அது பெரிய உதவி. இப்போது டைட்டானியத்திலேயே அத்தகைய துளை வலையை அடுக்கடுக்காக அச்சிடுகிறார்கள்.

இவற்றுக்கு நடுவே வந்து எல்லாரையும் கவர்ந்தது ஹைட்ராக்சிஅபடைட். நம் எலும்பின் கனிமப் பகுதி ஏறக்குறைய இதுதான்: கால்சியமும் பாஸ்பேட்டும், பத்துக்கு ஆறு என்ற கணக்கில். உலோகத்தின் மேல் எலும்பின் பொருளையே பூசிவிட்டால் உடல் அதை அந்நியமாகப் பார்க்காது என்ற எண்ணம் எளிமையானது, வலிமையானது. லண்டனில் ரொனால்ட் ஃபர்லாங் 1985-இல் இந்தப் பூச்சுள்ள தண்டைப் பொருத்தினார். அடுத்த ஆண்டு நெதர்லாந்தில் ருடால்ஃப் கீசிங்க் தொடங்கினார்; பிரான்ஸில் கோரைல் என்ற தண்டு வந்தது. கோரைல் இன்றும் உலகெங்கும் பொருத்தப்படுகிறது.

பூசும் வேலை பார்ப்பதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். பத்தாயிரம் டிகிரியைத் தாண்டும் பிளாஸ்மாவுக்குள் ஹைட்ராக்சிஅபடைட் பொடியைச் செலுத்துகிறார்கள். துகளின் வெளிப்புறம் உருகி, உலோகத்தில் மோதித் தட்டையாகி, நொடிக்கும் குறைவான நேரத்தில் உறைகிறது. அவ்வளவு வேகமாக உறையும்போது எல்லாத் துகளும் படிகமாவதில்லை; ஒரு பகுதி ஒழுங்கற்ற கண்ணாடித் தன்மையில் நின்றுவிடுகிறது. சூடு கூடினால் சேர்மமே பிரிந்து கால்சியம் ஆக்ஸைடு வரை போகும். படிகம் குறைந்த பூச்சு உடலுக்குள் சீக்கிரம் கரையும். படிகம் மிகுந்த பூச்சு நெடுநாள் இருக்கும், ஆனால் எலும்பை அழைப்பதில் மெதுவானது. தடிமன் கூடினால் விரிசல் விடும், குறைந்தால் எலும்பு வருமுன் கரைந்துபோகும். அதனால்தான் பன்னாட்டுத் தரநிலை படிகத்தன்மை குறைந்தது 45 சதவீதம், உலோகத்தோடு ஒட்டும் வலிமை குறைந்தது 15 மெகாபாஸ்கல் என்று எல்லை வகுத்திருக்கிறது. பெரும்பாலான பூச்சுகளின் தடிமன் ஐம்பதிலிருந்து நூற்றைம்பது மைக்ரானுக்குள்.

ஹைட்ராக்சிஅபடைட்டின் சிறந்த சாட்சியம் டென்மார்க்கின் கெல் சோபாலே நாய்களில் செய்த ஆய்வுகளிலிருந்து வருகிறது. அசைவு நூற்றைம்பது மைக்ரான் இருந்தபோதும், ஏற்கெனவே நார்த்திசு உட்கார்ந்திருந்த இடத்தில் இந்தப் பூச்சு அதை எலும்பாக மாற்றியது. எலும்பும் உலோகமும் தொடாமல் இடைவெளி விட்டிருந்த இடத்தையும் எலும்பு பாலம் போட்டுக் கடந்தது. ஆரம்ப வாரங்களில் இதைவிட நல்ல உதவி வேறு எதுவும் செய்ய முடியாது.

ஆனால் பூச்சு நிரந்தரமல்ல. பத்தாண்டுகள் கழித்து வேறு காரணங்களால் இறந்தவர்களின் மூட்டுகளை எடுத்துப் பார்த்தபோது பல இடங்களில் பூச்சு கரைந்தும் அரிக்கப்பட்டும் போயிருந்தது; எலும்பு நேராக உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. கீழே இருந்த உலோகம் சொரசொரப்பாக இருந்த இடத்தில் இது நல்ல முடிவு. வழவழப்பான கிண்ணத்தின் மேல் வெறும் ஹைட்ராக்சிஅபடைட் மட்டும் பூசி விற்ற தொடக்க கால வடிவங்கள் இங்கேதான் தோற்றன. பூச்சு போன பிறகு எலும்புக்குப் பிடிப்பதற்கு எதுவும் இல்லை.

இந்தப் பூச்சுக்குத் தமிழ்நாட்டில் வேறொரு வரலாறு உண்டு. நம் நாட்டில் நெடுங்காலம் எலும்பு சேர்க்கும் தகடும் திருகும் பெரும்பாலும் 316 எல் வகை எவர்சில்வராலேயே செய்யப்பட்டன. டைட்டானியம் விலை கூடியது. எவர்சில்வரை உள்ளூரிலேயே கடைந்தெடுக்கலாம். அதன் குறை உப்புக்கு அஞ்சுவது. நம் உடல் திரவம் ஏறக்குறைய உப்பு நீர். குளோரைடு அயனிகள் மேற்பரப்பில் குழி பறிக்கின்றன; குழியின் அடியில் விரிசல் தொடங்கி, நடக்க நடக்க நீள்கிறது; நிக்கலும் குரோமியமும் சுற்றியுள்ள திசுவுக்குள் கசிகின்றன. 1990களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் எஸ். ராஜேஸ்வரியின் குழுவும் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் யு. காமாட்சி முதலியும் இப்படித் தோற்ற எவர்சில்வர்க் கருவிகளை எடுத்து, குழியிலிருந்து விரிசல் எங்கே கிளம்பியது என்று நுண்ணோக்கியில் தேடினார்கள். அணு உலைக்காக வளர்த்த அரிமான அறிவு, உடைந்த கால்களுக்காக வேலை செய்தது.

அடுத்த படி பூச்சு. டி.எம். ஸ்ரீதர், காமாட்சி முதலி, எம். சுப்பையன் ஆகியோர் ஹைட்ராக்சிஅபடைட் துகள்களைத் திரவத்தில் மிதக்கவிட்டு மின்புலத்தால் எவர்சில்வரை நோக்கி இழுத்தார்கள். முப்பதிலிருந்து தொண்ணூறு வோல்ட் வரை முயன்று, அறுபது வோல்ட்டில் மூன்று நிமிடம் என்பதைச் சிறந்ததாகக் கண்டார்கள். பிறகு வெற்றிடத்தில் 800 டிகிரியில் சூடேற்றினார்கள். உடல் திரவத்தைப் போன்ற கரைசலில் அந்த உலோகம் பூச்சில்லாததைவிட நன்றாக அரிமானத்தைத் தாங்கியது. பிளாஸ்மாவின் கடும் வெப்பம் இங்கே இல்லை; வளைவும் துளையும் உள்ள வடிவத்தையும் இப்படிப் பூசலாம்.

ஐரோப்பாவில் எலும்பை அழைக்க வந்த அதே பூச்சு, இங்கே உலோகத்தின் கசிவைத் தடுக்கும் தடுப்பாகவும் பார்க்கப்பட்டது. பொருள் ஒன்று, வேலை இரண்டு. டைட்டானியத்தின் மேல் அது கரைந்துபோனால் கவலையில்லை. எவர்சில்வரின் மேல் கரைந்துபோனால் பாதுகாப்பே போய்விடும். ஆகவே இங்கே தேவைப்படும் பூச்சு அடர்த்தியாக, விரிசல் இல்லாமல், மெதுவாகக் கரைவதாக இருக்க வேண்டும். ஒரு நாட்டில் வெற்றி பெற்ற பூச்சை அப்படியே இன்னொரு நாட்டின் உலோகத்துக்கு மாற்றிவிட முடியாது என்பதை நம் ஆய்வகங்கள் தாங்களே கண்டுகொண்டன. நம் அறிவியல் எழுத்தில் இந்த உழைப்புக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்பது எனக்கு வருத்தம்.

வழுக்க வேண்டிய பரப்புக்கு வருவோம். பந்தின் மேல் கடினப் பூச்சு பூசினால் பாலிஎத்திலீன் தேய்வது குறையும் என்று வைரம் போன்ற கரிப் பூச்சை 1990களில் ஜெர்மனியில் மனிதர்களிடம் முயன்றார்கள். ஆய்வகக் கருவியில் அது அருமையாக ஓடியது. உடலுக்குள் பூச்சின் நுண்ணிய குறைகள் வழியாகத் திரவம் இறங்கி, அடியிலிருந்த உலோகத்தை அரித்து, பூச்சைத் துண்டு துண்டாக உரித்தது. எட்டரை ஆண்டுகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மறு அறுவை. அதற்கு மாறாக, சிர்கோனியத்தோடு இரண்டரை சதவீதம் நையோபியம் கலந்த உலோகத்தைச் சூடேற்றி, அதன் வெளிப்பகுதியையே ஐந்து மைக்ரான் ஆழத்துக்குக் கடினமான பீங்கானாக மாற்றிய பந்து நன்றாக நிற்கிறது. கல்பாக்கம் அணு உலைகளில் எரிபொருளைத் தாங்கும் குழாய்களும் இதே கலவையில் செய்தவைதான். இந்தப் பந்தின் மேல் வெளியிலிருந்து எதையும் ஒட்டவில்லை. உலோகம் தானே படிப்படியாகப் பீங்கானாக மாறுவதால் உரிவதற்கான விளிம்பு அங்கே இல்லை.

தொற்றுக்கு எதிரான பூச்சுகளைப் பற்றி ஒரு பத்தியாவது சொல்ல வேண்டும். உள்ளே வைத்த உலோகத்தின் மேற்பரப்பை முதலில் பிடிப்பது உடலின் செல்லா, பாக்டீரியாவா என்ற போட்டி அறுவை முடிந்தவுடனே தொடங்கிவிடுகிறது. எலும்புப் புற்றுநோய்க்காகத் தொடை எலும்பின் பெரும்பகுதியையே அகற்றி உலோகம் வைக்கும்போது தொற்று ஆபத்து மிக அதிகம். சென்னையில் மயில்வாகனன் நடராஜன் 1980களின் இறுதியிலிருந்து இத்தகைய நோயாளிகளுக்கு இங்கேயே செய்த பெரிய உலோக எலும்புகளைப் பொருத்திக் கால்களைக் காப்பாற்றியவர். இப்படிப்பட்ட பெரிய கருவிகளுக்கு ஐரோப்பாவில் வெள்ளிப் பூச்சு வந்திருக்கிறது. வெள்ளி பாக்டீரியாவைக் கொல்லும். ஆனால் எலும்பு செல்லுக்கும் அது உவப்பானதல்ல. ஆகவே எலும்புக்குள் இறங்கும் தண்டில் பூசாமல், தசைக்கு நடுவே நிற்கும் பகுதியில் மட்டும் பூசுகிறார்கள்.

இத்தனை பூச்சுகளையும் ஒப்பிட்டு எது சிறந்தது என்று எப்படி முடிவு செய்வது? ஆய்வகத்தில் இழுத்துப் பார்க்கலாம், நாயின் எலும்பில் வைத்துப் பார்க்கலாம். நோயாளியின் இருபது ஆண்டுகளை எந்த ஆய்வகமும் காட்டாது. அதைக் காட்டுவது பதிவேடு. ஸ்வீடன் 1979 முதல் இடுப்பு மாற்றுகளையும் மறு அறுவைகளையும் பதிவேட்டில் குறித்து வருகிறது. நார்டிக் நாடுகளின் பதிவேடுகளைச் சேர்த்து 1,16,000-க்கும் மேற்பட்ட இடுப்புகளை 2015-இல் ஆராய்ந்தபோது, ஹைட்ராக்சிஅபடைட் பூசிய தண்டும் பூசாத தண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான் நிலைத்தன. கிண்ணத்தில் அதைவிட மோசம்: 2010-இல் வந்த ஸ்வீடன் ஆய்வில் ஹைட்ராக்சிஅபடைட் பூசிய கிண்ணங்கள் தளர்ந்து மறு அறுவைக்கு வரும் ஆபத்து பூசாதவற்றைவிடக் கூடுதலாக இருந்தது.

சோபாலேயின் நாய்கள் பொய் சொல்லவில்லை. இடைவெளியும் அசைவும் இருக்கும் இடத்தில் பூச்சு உண்மையிலேயே உதவுகிறது. ஆனால் தேர்ந்த கையில், பொருத்தமான அளவுள்ள தண்டு இறுக்கமாக இறங்கும்போது அந்த இடைவெளியும் அசைவும் தொடக்கத்திலேயே இல்லை. ஆகவே பூச்சுக்குச் செய்ய வேலையும் இல்லை. பதிவேடு அளப்பது இதைத்தான்.

எல்லா அறுவைகளையும் குறிக்கும் பதிவேடு இல்லாத நாட்டில் என்ன நடக்கும் என்பதை நாம் பட்டு அறிந்திருக்கிறோம். டிபுய் நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். என்ற உலோகத்தின் மேல் உலோகம் உரசும் இடுப்பு மூட்டை 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெற்றார்கள். ஐந்து ஆண்டுகளில் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பேருக்கு மறு அறுவை தேவைப்பட்டது என்று பிரிட்டனின் பதிவேடு காட்டியதுதான் காரணம். அதற்கும் முன்பே ஆஸ்திரேலியாவின் பதிவேடு எச்சரித்திருந்தது. தோற்றது எலும்பைப் பற்றும் புறம் அல்ல. பந்தும் கிண்ணமும் உரசிய இடத்திலிருந்து கோபால்ட், குரோமியத் துகள் கிளம்பி, தசையை அழித்து, இரத்தத்திலும் ஏறியது. உலகம் முழுவதும் சுமார் 93,000 பேர், இந்தியாவில் சுமார் 4,700 அறுவைகள். 2017-இல் அருண்குமார் அகர்வால் தலைமையில் மத்திய அரசு குழு அமைத்தது. 2018-இல் இழப்பீடு 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை என்று முடிவானது. ஆனால் அந்த 4,700-இல் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோர் யார், எங்கே இருக்கிறார்கள் என்று அப்போது கண்டுபிடிக்க முடியவில்லை. இரத்தத்தில் கோபால்ட் ஏறிக்கொண்டிருந்தும், வலிக்குக் காரணம் வயது என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டிருந்தவர்கள் அவர்களில் எத்தனை பேரோ.

மீண்டும் கோலார் தங்கவயலுக்குப் போய், அங்கே ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடியபின் கிடைத்த வேலைகளைச் செய்து குடும்பத்தைக் காத்த எழுபத்தெட்டு வயது அம்மா. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்திருக்கிறது. அவருடைய பேரனுக்கு முப்பத்தாறு வயது. மாரிகுப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு நின்றுகொண்டே போய் வேலை செய்து இரவு திரும்புகிறவர். தோல் நோய்க்கு ஸ்டீராய்டு எடுத்ததில் தொடை எலும்பின் தலைக்கு இரத்தம் போகாமல் அது இற்றுச் சிதைந்துவிட்டது. இந்தியாவில் இளம் வயதில் இடுப்பு மாற்றுக்கு வருபவர்களிடம் இந்தக் காரணம் மேல்நாடுகளைவிட அதிகம்.

இருவருக்கும் ஒரே பூச்சைப் பரிந்துரைத்தால் ஒருவருக்காவது அது தவறு. அம்மாவின் எலும்பு மெலிந்தது, குழல் அகன்றது. சிமென்ட் இல்லாத தண்டை அதற்குள் இறுக்கி அடித்தால் எலும்பு பிளக்கலாம். எழுபத்தைந்து தாண்டியவர்களிடம் சிமென்ட்டோடு வைத்த தண்டுகளே குறைவாக மறு அறுவைக்கு வருகின்றன என்று பல நாட்டுப் பதிவேடுகள் சொல்கின்றன. அவருக்கு மெருகேற்றிய தண்டும் சிமென்ட்டும் போதும்; விலையும் குறைவு; மறுநாளே நடக்கலாம். பேரனுக்கு இன்னும் நாற்பது ஆண்டு நடை இருக்கிறது, எலும்பும் திடமாக இருக்கிறது. அவருக்குச் சொரசொரப்பான டைட்டானியத் தண்டும், துளையுள்ள டைட்டானியக் கிண்ணமும், நன்றாகத் தேய்வு தாங்கும் உள்ளுறையும் வேண்டும். தண்டின் மேல் ஹைட்ராக்சிஅபடைட் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் அதற்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை. கூடுதல் பணம் இருந்தால் அதைப் பந்துக்கும் உள்ளுறைக்கும் செலவிடச் சொல்வேன். ஆண்டுக்குப் பத்து லட்சம் முறை உரசப்போவது அவைதான்.

அறுவைக்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. எந்த நிறுவனத்தின் எந்த மாதிரி? அதே மாதிரி, அதே பூச்சோடு, எந்த நாட்டுப் பதிவேட்டில் பத்தாண்டு கணக்குக் காட்டியிருக்கிறது? அவர் தாமே அதை எத்தனை பேருக்கு வைத்திருக்கிறார்? பிறகு இன்னொன்று. ஒவ்வொரு பாகத்தின் பெட்டியிலும் மாதிரி எண்ணும் தொகுதி எண்ணும் அச்சிட்ட ஒட்டுச் சீட்டு இருக்கும். அறுவை அரங்கில் அதைக் கிழித்து நோயாளியின் கோப்பில் ஒட்டுவார்கள். தண்டு, பந்து, கிண்ணம், உள்ளுறை நான்குக்கும் அந்தச் சீட்டின் நகல் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்கி, ரேஷன் கார்டோடும் ஆதாரோடும் சேர்த்து வீட்டில் வையுங்கள். கைப்பேசியிலும் ஒரு படம் எடுத்து வையுங்கள். என்றாவது ஒருநாள் ஒரு மாதிரியைத் திரும்பப் பெறுவதாகச் செய்தி வந்தால், உங்கள் இடுப்புக்குள் இருப்பது அதுதானா என்று சொல்லக்கூடியது அந்தச் சீட்டு ஒன்றுதான்.